ஆரிபா, கடலூர் ஓ.டி.

சடையப்பனுக்கு ரொம்ப நல்ல மனசு. அதனால்தான் அன்றைக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போல எனக்கு வந்தது. கெட்டவனாக இருந்தால் யோசித்துச் செய்திருப்பான். இவன் சந்தோஷமாகச் செய்துவிட்டு, அதைத் தன் செலவில் போஸ்ட்கார்டு போட்டும் தெரிவித்திருந்தான்.

அறுபத்தாறாம் வருஷம், ஒரு புதன்கிழமை காலை. ஆபீசுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போன என்னை அந்தோணிசாமி தன் சைக்கிள் கடை வாசலில் கையைக் காட்டி நிறுத்தினான். என் தபால் எல்லாம் அவன் கடை விலாசத்துக்குத்தான் வரும். வீட்டுக்கும் வராது, ஆபீசுக்கும் வராது. அப்படி ஒரு ஏற்பாடு.

"என்னா மச்சான், தங்கச்சி கதையெல்லாம் எழுதுதாமே? எங்கிட்டக்கூட சொல்லலியே?" என்று சிரித்தான்.

போஸ்ட்கார்டு என்றால் ஊருக்கே எழுதின கடிதம்தானே. பிடுங்கிப் படித்தேன். சிதம்பரத்தில் அச்சகம் வைத்து ‘முகத்துவாரம்’ என்ற சிறுபத்திரிகை நடத்துகிற சடையப்பன் எழுதியது.

"சகோதரி ஆரிபா அவர்களுக்கு. ‘முகத்துவாரம்’ மூன்றாவது இதழ் தயார். தங்களுடைய ‘நாற்பத்திரண்டு நாள்’ கதையை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். இன்னொரு மகிழ்ச்சி. சிதம்பரம் மேல வீதி ஜவுளிக்கடை ஹாஜியார் தம் மகன் நிக்காஹ் பத்திரிகையை நம் அச்சகத்தில்தான் அடிக்கக் கொடுத்திருக்கிறார். உங்கள் வழக்கப்படி மணமகள் பெயர் போடவில்லை. ஆனாலும் சகோதரர் முஹம்மது இஸ்மாயில், கடலூர் ஓ.டி. என்று எழுத்துக் கோத்த உடனே எனக்குப் பிடிபட்டுவிட்டது, தாங்கள்தான் மணமகள் என்று! புதன்கிழமை பகலில் பத்திரிகைக் கட்டோடு நம் இதழ் ஒன்றையும் ஹாஜியார் கையில் நானே கொடுக்கப் போகிறேன். மருமகள் எழுத்தாளர் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?"

அந்தோணிசாமியின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்தக் கதையை எழுதியவன் நான். ஆரிபா என் தங்கை. பத்தொன்பது வயது. அவள் பெயரில் ஒரு கதை அச்சாகியிருப்பது அவளுக்கே தெரியாது. தங்கை எழுதினது என்று சொல்லிச் சடையப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான்.

ஏன் இந்த வேலை செய்தாய் என்று கேட்பீர்கள். பயம் ஐயா, பயம். வேறு என்ன? மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் எல்.டி. கிளார்க். முந்தின வருஷம் மொழிப் போராட்டம் அடங்கிய கையோடு எங்கள் டைப்பிஸ்ட் சின்னையன் ஒரு புதுக்கவிதை எழுதினான். மழை பெய்கிறது, ஓலைக்கூரை ஒழுகுகிறது, அவ்வளவுதான் கவிதை. கூரை என்று எதைச் சொல்கிறாய் என்று கேட்டு மெமோ வந்தது. இரண்டாம் மாதம் அவனைக் கல்ராயன் மலைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு பாகிஸ்தான் சண்டை வேறு வந்து போனது. என் பெயரைக் கேட்டால் ஒரு நொடி கூடுதலாக என் முகத்தைப் பார்க்கும் ஆட்கள் அப்போது இருந்தார்கள். இந்த லட்சணத்தில் முஹம்மது இஸ்மாயில் என்று கதைக்குக் கீழே போட எனக்கென்ன பைத்தியமா? எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பெண்டாட்டி பெயரைப் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெண்டாட்டி இல்லை. தங்கை இருந்தாள்.

நான் நினைத்தது, முந்நூறு பிரதி அடிக்கிற பத்திரிகை, அதில் நூறு அச்சகத்திலேயே தூங்கும், ஓ.டி. என்கிற எங்கள் ஓல்ட் டவுனில் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று. ஆனால் சடையப்பன் எழுதுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் போடுவான். நம் மாவட்டத்து எழுத்து என்று அவனுக்கு ஒரு வீம்பு. ‘ஆரிபா, கடலூர் ஓ.டி.’ இப்போது அது ஹாஜியார் கைக்குப் போகிறது. நிக்காஹுக்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது.

அந்தோணிசாமியிடமே ஒரு காகிதம் வாங்கி, எனக்குக் கடும் வயிற்றுப்போக்கு என்று லீவு லெட்டர் எழுதி, ஆபீசில் கொடுக்கச் சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை. அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

அந்தப் பாசஞ்சர் வண்டியைப் போல ஒரு சனியன் பிடித்த வண்டியை நான் பார்த்ததில்லை. ஆலப்பாக்கத்தில் நின்றது. புதுச்சத்திரத்தில் நின்றது. யாரோ முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றும்வரை கார்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தவழ்ந்தபோது, இறங்கி ஓடினால் முன்னால் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். கதையில் என்னென்ன எழுதினேன் என்று ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வரியும் ஹாஜியார் குரலில் வந்தது.

கதை சொல்பவள் ஒரு பெண். புருஷன் மலேயாவில். "எட்டு வருஷத்தில் அவர் என்னோடு இருந்தது நாற்பத்திரண்டு நாள். அவர் முகத்தை நினைத்தால் போட்டோதான் வருகிறது. போட்டோவுக்கு மூச்சு இல்லை." இப்படிப் போகும். ஆரிபாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை கிபாயத்துல்லா நிக்காஹ் முடிந்த இருபதாம் நாள் பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறான். இதைவிட வேறென்ன வேண்டும்?

அச்சகம் கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை பில் புக்கு எல்லாம் அடித்து, அதில் மிச்சப்படும் நேரத்திலும் காகிதத்திலும்தான் ‘முகத்துவாரம்’ அச்சாகும். உள்ளே நுழைந்ததும் சடையப்பன் மசிக் கையோடு எழுந்து வந்தான்.

"வாங்க வாங்க! இப்பதான் ஹாஜியார் கடையில குடுத்துட்டு வரேன். பக்கத்தையே திருப்பிக் காட்டிட்டேன், ‘பாருங்க, உங்க மருமவ’ன்னு."

"அவரு என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டாரு. பெரிய மனுசங்க சந்தோசத்த வெளிய காட்ட மாட்டாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம், எழுதினது நான்தான் அய்யா என்று. வாய்வரை வந்தது. அவனோ என்னை விடவில்லை.

"பத்துக் கதை வந்தா ஒம்போதுல ஆம்பள பொம்பள மாதிரி எழுதுறான். ரெண்டு வரியில தெரிஞ்சுடும். இது அப்படி இல்ல. நாப்பத்திரண்டுன்னு எண்ணி வச்சிருக்குது பாருங்க, அது பொம்பள வாய். சத்தியமா ஆம்பளைக்கு வராது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நிலைமையிலும்! நான் எழுதினதை எனக்கு வராது என்கிறான். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது. அதை அப்போது நான் கிளறிப் பார்க்கவில்லை.

ஹாஜியார் லியாக்கத் அலியின் கடையில் கூட்டம் இல்லை. அவர் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்திரிகைக் கட்டு, கயிறு அவிழ்க்காமல். மடியில் ‘முகத்துவாரம்’. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார், சோடா வரவழைத்தார். சோடாவை அப்படியே கீழே வைத்தேன்.

"மொதல்ல இந்தப் பாட்டைப் படிச்சேன்" என்றார். "ஒரு பக்கத்துல எட்டு வரி. காயிதத்துக்குப் பஞ்சமா இருக்கிற காலத்துல இப்படி வெறும் எடமா வுட்டு வச்சிருக்கானுங்க. சரி, அது அவுங்க பணம். அப்புறம் இதைப் படிச்சேன்." விரலை ஆரிபா என்ற பெயர் மேல் வைத்தார். "இது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். சுப்பிரமணியன் சார், எங்கள் ஹெட் கிளார்க், மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பது போல் கண்ணில் வந்தது. சின்னையனின் காலி நாற்காலி வந்தது.

"கேட்டுச் சொல்றேன் மாமா" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேனாம்! யாரைக் கேட்கப் போகிறேன்?

ஹாஜியார் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "நம்ம கல்யாணப் பத்திரிகையிலகூட பொண்ணு பேரைப் போடறதில்ல தம்பி. முப்பது காசுக்கு விக்கிற புஸ்தகத்துல போட்டிருக்கு. எம் மவன் பினாங்கு போறவன்னு தெரிஞ்சே எழுதுன மாதிரி இருக்கு. நாளைக்கு ஜமாஅத்துல ஒருத்தன் இதைத் தூக்கிக் காட்டுனா நான் என்னா பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு உங்க வூட்டுக்கு வரேன். உன் தங்கச்சி எழுதலேன்னா, எழுதுனவன் யாருன்னு கையெழுத்தோட எனக்குக் காயிதம் வேணும். எழுதியிருந்தா, இந்தக் கட்டை நான் அவுக்க மாட்டேன்."

திரும்பி வந்த வண்டியில் என்ன ஸ்டேஷன் வந்தது, எது போனது, எனக்குத் தெரியாது. ஒரே கணக்குத்தான். கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதம் சிதம்பரம் ஜமாஅத்தில் ஊர்வலம் போகும். அங்கே பத்துப் பேர் பார்த்தால் மஞ்சக்குப்பத்துக்கு எத்தனை நாளில் வரும்? சர்க்கார் அனுமதி இல்லாமல் எழுதியவன், அதுவும் தங்கை பெயரில் ஒளிந்துகொண்டு எழுதியவன். வேலை போனால் உம்மாவுக்கும் ஆரிபாவுக்கும் சோறு யார் போடுவது? வாப்பா கண்மூடி மௌத்தாகி ஆறு வருஷம். ரேஷன் அரிசிக்கே வரிசையில் நிற்கிற காலம். கையெழுத்துப் போடாவிட்டால் ஆரிபாவின் கல்யாணம் போகும். போவது மட்டுமா? கதை எழுதினதால் கல்யாணம் நின்ற பெண் என்று ஓ.டி.யில் ஒரு பெயர் நிற்கும். அவள் பெயரை நான் ஒரு தடவைதான் எடுத்தேன். ஊர் திருப்பித் தராது.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால அஸர் தொழுகை முடிந்திருந்தது. உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். ஆரிபா கொல்லையில் அரிவாள்மணை போட்டுச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னா நானா, மொகம் செத்துப் போயிருக்கு?" என்றாள். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம்.

சடையப்பன் கொடுத்திருந்த என் பிரதியைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் கை முழுக்க மீன் செதில். நான்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. குத்துக்கால் போட்டபடியே படித்தாள். முதல் பக்கம் முடிந்ததும், "திருப்பு" என்றாள். திருப்பினேன். "ஆட்டாம புடி" என்றாள். ஒரு பூனை மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. அவள் விரட்டவில்லை.

கடைசி வரி முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"இது நான் ஜெய்னப்கிட்ட சொன்னது."

ஆமாம். நான் அடியில் போட்டு மூடி வைத்திருந்தது அதுதான். பக்கத்து வீட்டு ஜெய்னப்பின் புருஷன் மலேயாவில் இருக்கிறார். ஒரு மத்தியானம் ஜெய்னப் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழ, ஆரிபா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "எட்டு வருசத்துல நாப்பத்திரண்டு நாள் அக்கா. போட்டோவுக்கு மூச்சு இல்ல." சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாயில் படுத்திருந்தேன். எழுந்து பென்சில் எடுத்தேன். அவள் சொன்னதைத்தான் எழுதினேன். அழகாக எழுதினேன், அவ்வளவுதான் என் பங்கு.

எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்ட்கார்டு, ஹாஜியார், வெள்ளிக்கிழமை, கையெழுத்து, ஆபீஸ். அவள் அழுவாள் என்று பயந்தேன். கத்துவாள் என்று பயந்தேன். இரண்டும் செய்யவில்லை.

"நீ அங்க என்னா சொன்னே, நான் எழுதலேன்னு?"

"கேட்டுச் சொல்றேன்னேன்."

அவள் சிரித்தாள். "பயம் உன்னுது. போறது எம் பேரு. நல்லா இருக்கு நானா" என்று சொல்லிவிட்டு மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உம்மாவுக்கு இரவு சாப்பாட்டுக்கு முன் சொன்னோம். "யா அல்லா, வயசுப் புள்ள பேருல என்னாடா பண்ணி வச்சிருக்கே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வியாழக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாஜியார் ஜமாஅத் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். முன்னறையில் பாய் விரித்தோம். உம்மாவும் ஆரிபாவும் உள்கதவுத் திரைக்குப் பின்னால். டீயை யாரும் தொடவில்லை. ஹாஜியார் புத்தகத்தைப் பாயில் வைத்தார்.

"கேட்டியா?" என்றார்.

திரை அசைந்தது. அவள் என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. சின்னையன் மலைமேல் எங்கோ குளிரில் உட்கார்ந்து டைப் அடிப்பது தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். கண்ணை மூடித்தான் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை.

"நான்தான் மாமா எழுதுனேன்."

"எழுதிக் குடு."

எழுதினேன். ‘முகத்துவாரம் மூன்றாம் இதழில் ஆரிபா என்ற பெயரில் வந்த நாற்பத்திரண்டு நாள் என்ற கதையை எழுதியவன் நான்.’ கையெழுத்துப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அந்த நேரத்தில் என் வேலை, சம்பளம், பென்ஷன் எல்லாம் அந்தக் கிழிசல் வழியாகப் போவதுபோல் எனக்குத் தெரிந்தது. போகட்டும், தங்கை கல்யாணமாவது நடக்கும் என்று ஒரு மூச்சு விட்டேன்.

ஹாஜியார் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். முகம் தெளிந்தது. "ஆம்பள எழுதுனா அது வேற. ஏதோ கிறுக்குத்தனம்னு வுட்டுடலாம். ஒண்ணே ஒண்ணு பாக்கி. இதுல உன் தங்கச்சிக்கு ஒரு வார்த்தைகூட சம்பந்தம் இல்லேன்னு அல்லா மேல ஆணையா சொல்லு. இன்னிக்கே பத்திரிகை வைக்க ஆரம்பிச்சுடுறேன்."

ஒரு வார்த்தைகூட!

ஐயா, இத்தனை நாள் ஹெட் கிளார்க்குக்குப் பயந்தேன், மெமோவுக்குப் பயந்தேன், ஹாஜியாருக்குப் பயந்தேன். அதெல்லாம் ஒரு பயமே இல்லை. இப்போது வந்தது பயம். பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். செய்யாவிட்டால் அவள் வாழ்க்கை இந்தப் பாயிலேயே முடிகிறது. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, நரகம் எனக்கு, நிக்காஹ் அவளுக்கு என்று முடிவு பண்ணினேன்.

"வல்லா..." என்று ஆரம்பித்தேன்.

"பொய்ச் சத்தியம் பண்ணாதே நானா."

திரைக்குப் பின்னாலிருந்து ஆரிபா. உம்மா அவள் கையைப் பிடித்து இழுப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. ஆரிபா நிற்கவில்லை.

"மாமா, எழுதுனது அவருதான். ஆனா வார்த்தை என்னுது. பக்கத்து வூட்டு அக்கா அழுதப்போ நான் சொன்னேன். அதை ஒட்டுக்கேட்டு எழுதிட்டாரு. பேரைப் போட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஆனா சொன்னது நான்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

கூட வந்தவர்களில் ஒருவர் இருமினார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். இப்போது அவள் குரலும் நடுங்கியது. அவளுக்கும் பயம்தான், அதை நான் அதுவரைக்கும் நினைத்துப் பார்க்கவே இல்லை. "உங்க மவன் இருபதாம் நாள் கப்பல் ஏறுறாருன்னு சொன்னாங்க. எனக்கு எத்தனை நாள் மாமா? கேட்டுச் சொல்லுங்க."

ஹாஜியார் திரையைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நான் எழுதிக்கொடுத்த காகிதம் பாயிலேயே கிடந்தது. வரேன் என்றுகூடச் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

உம்மா அழுதார். நான் காகிதத்தைத் தேடினேன். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டால் என் தலையாவது தப்பும் என்று, கல்யாணம் நின்ற அந்த நிமிஷத்திலும், என் புத்தி அங்கேதான் போனது. காகிதத்தைக் காணோம். ஆரிபா எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

அதற்குப் பிறகு ஏழு நாள். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் தூக்கிவாரிப் போடும். ஆபீசில் செவ்வாய்க்கிழமை சுப்பிரமணியன் சார், "இஸ்மாயில், இங்க வாய்யா" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான், தீர்ந்தது என்று எழுந்துபோய் நின்றேன். "வயிறு தேவலாமா? மாதுளம் ஓடு வேக வச்சுக் குடி" என்றார். என் மேஜைக்குத் திரும்பி வந்து கால் மணி நேரம் ஒரு எழுத்துக்கூட எழுத முடியவில்லை.

எட்டாம் நாள், சனிக்கிழமை, ஹாஜியார் கடை ஆள் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உம்மா பிரிக்கவில்லை, நீ பிரி என்றார். நான் ஆரிபாவைப் பார்த்தேன். கடைசியில் அவளே பிரித்தாள்.

உள்ளே நிக்காஹ் பத்திரிகை ஐம்பது. கட்டு அவிழ்ந்துவிட்டது! அதன் மேல் ‘முகத்துவாரம்’. முதல் பக்கத்து ஓரத்தில், நாற்பத்திரண்டு நாள் என்ற வரிக்குப் பக்கத்தில் தொடங்கி அடிவரைக்கும், பென்சிலில் கோணல்மாணலாக அரபுத்தமிழ். தமிழைத்தான், அரபு எழுத்தில். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் கைவந்த எழுத்து. கதை எழுதுகிற எனக்கு அதைப் படிக்க வராது. ஆரிபா படித்தாள்.

"ஒருத்தரைப் படிக்கச் சொல்லி இந்தக் கதையைக் கேட்டேன். உன் மாமா கடல் தாண்டியிருந்த இருபத்தெட்டு வருசத்துல எனக்கு இருநூத்தி ஆறு நாள். இப்ப அவரு ஊரோட இருக்காரு, அதை எண்ணுறதில்ல. என்னை ஒருத்தரும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல. நீ கேட்டேன்னு வந்து சொன்னாரு, அன்னிக்குச் சாப்பிடல. கிபாயத்துல்லா போகத்தான் போறான். ஆனா வருசத்துக்கு எத்தனை நாள்னு நிக்காஹ் பதியிற தஃப்தர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும்னு சொல்லிட்டேன். உன் மாமி."

உம்மா அந்தப் புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முப்பது காசுப் புத்தகம்! எனக்கு அப்படியே பாயில் சாய்ந்து தூங்க வேண்டும் போல் இருந்தது. தப்பித்தேன். காகிதம் ஊர்வலம் போகவில்லை. ஆபீசுக்குத் தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது.

ஆரிபா உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நான் கையெழுத்துப் போட்ட காகிதம். கிழிசலுக்குக் கீழே அவள் கையால் ஒரு வரி. ‘சொன்னவள் ஆரிபா.’

"சடையப்பனுக்கு அனுப்பு. அடுத்த இதழ்ல போடச் சொல்லு."

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இப்ப எதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. "ஆபீசுக்குத் தெரிஞ்சா..."

"உனக்குச் சரியாயிடுச்சு." பத்திரிகை ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தாள். மணமகன் பெயர், அவன் வாப்பா பெயர், என் பெயர், மௌத்தான எங்கள் வாப்பா பெயர்கூட இருந்தது. "என் கல்யாணம். இதுல எம் பேரு எங்க இருக்கு, காட்டு. ஒரே ஒரு எடத்துலதான் எம் பேரு அச்சாகியிருக்கு நானா. அதுவும் பொய்யா இருந்தா எப்படி?"

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரு கவரை எடுத்தேன்.

ஓ.டி. தபால் ஆபீஸ் வாசலில் சிவப்புப் பெட்டிக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்தோணிசாமி கடையிலிருந்து பார்த்துவிட்டு, "என்னா மச்சான், பொட்டி கடிச்சுடுமா?" என்று கத்தினான். கவரில் அனுப்புநர் என்று என் முழுப் பெயரை எழுதியிருந்தேன், ஆபீஸ் விலாசத்தோடு. அந்தோணிசாமி கடை விலாசம் இல்லை. கையைப் பெட்டிக்குள் விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போன பிறகும் விரல் விடவில்லை. சுப்பிரமணியன் சார் வந்தார், சின்னையன் வந்தான், கல்ராயன் மலை வந்தது. பிறகு மீன் சட்டியோடு அவள் சிரித்த சிரிப்பு வந்தது. விரலை விட்டேன். கவர் அடியில் போய் விழுந்தது. பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அதோடுதான் வீட்டுக்கு நடந்தேன்.